கண்ணாடிக்கு ஒட்டிய வெள்ளைத் தாள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஷோரூம் கண்ணாடிகளுக்குத் தாள் ஒட்டியது. போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் மேலே, அவர் கீழே. அவர் தாள் உருளையைப் பிடித்து விட்டுக்கொண்டே வருவார். நான் மேல் விளிம்பை ஒட்டிக்கொண்டு நகர்வேன். இறைச்சி பொதிகிற வெள்ளைத் தாள். எதிரில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ரே செட்லாக் மாமா வருடா வருடம் கொடுப்பது. புகைபோட்ட பன்றி இறைச்சியின் வாசம் அதில் எப்போதும் இருக்கும்.

"கோணலாப் போகுது," என்றார் அப்பா.

"மட்டம் வச்சுப் பார்த்துட்டேன்ப்பா. நேராத்தான் இருக்கு."

"அப்பக் கட்டடம்தான் கோணல். எஞ்சினியரம்மா சொன்னா மறுபேச்சு ஏது."

இந்த வருடம் என்ன கார் என்று கேட்டேன். சொல்ல மாட்டார் என்று தெரியும். வெள்ளிக்கிழமை மாலை தாளைக் கிழிக்கும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. அம்மா உயிரோடு இருந்தவரை அவளிடமும் சொன்னதில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வா, டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டும், ரிவர்ஸ் எடுக்கக் கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது என்றார். எந்த இடம் என்று கேட்டதற்கு, "வண்டி போற இடம்," என்றார்.

மறுநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து, செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். எண்பத்தொரு வயது. வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை நம்புகிறேன்.

முழுப் பெயர் லாடிஸ்லாவ் வோண்ட்ரா. ஊருக்கு லாடி. ராணுவத்திலிருந்து திரும்பியதும் நெப்ராஸ்காவில் எங்கள் ஊரான டோப்ரியின் முக்கில் இருந்த, கார்வர் கம்பெனியின் கார் விற்பனைக் கடையில் பெட்ரோல் போடும் ஆளாகச் சேர்ந்தார். வாசலில் இரண்டு பம்புகள். உள்ளே ஒரே ஒரு கார் நிற்கிற அளவுக்கு ஷோரூம். பின்னால் பட்டறை. முதலாளிக்குப் பிள்ளைகள் இல்லை. உடம்பு முடியாமல் போனபோது கடையை இவரிடம் தவணைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்பாவுக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை.

அந்த நாட்களில் புது மாடல் செப்டம்பரில் வரும். தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வரும். அதற்கு முன்பே கண்ணாடி முழுக்கத் தாள் ஒட்டிவிடுவார்கள். ஒரு வாரம் ஊரே அந்தத் தாளைப் பார்த்தபடி கடந்து போகும். பெரிய மனிதர்கள்கூட ஓரத்து இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை தாளைக் கிழிக்கும்போது ஊர் முழுக்க வாசலில் நிற்கும். வாங்குகிறவர்கள் இரண்டு பேர் தேறினால் அதிகம். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆப்பிள் பழரசமும், கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியும், யாராவது ஒருவருடைய அக்கார்டியன் வாசிப்பும் உண்டு.

அப்பா கடையை எடுத்து நான்காவது வருடம் கார்வர் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டது. வானொலியில் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு மறுநாள்தான் அப்பாவுக்குக் கம்பெனியின் தந்தி வந்தது. கையிருப்பில் இருந்த ஒரு காரையும் வசந்தத்தில் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஷோரூமில் தரை மட்டும்தான் இருந்தது. பெட்ரோலையும் பட்டறையையும் வைத்து ஓட்டிப் பார்த்தார். கோடை முடியும்போது, லிங்கன் நகரத்தில் பெரிய கார் கடை ஒன்றில் விற்பனையாளர் வேலைக்கு ஒத்துக்கொண்டார். ஷோரூம் விளக்குகளையும் மேசையையும் கொலம்பஸ் ஊரில் ஒருவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

கடையைப் பிரிப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். ரே மாமாவிடம் ஓர் உருளைத் தாள் வாங்கி வந்து, சனிக்கிழமை கண்ணாடிகளுக்கு ஒட்டினார். உள்ளே ஏணி போட்டு விளக்குகளைக் கழற்றத் தொடங்கினார்.

அது செப்டம்பர் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. ஊருக்கு அது மட்டும்தான் ஏறியது.

லாடி தாள் வாங்கிக்கொண்டு போனான் என்று ரே மாமா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வேறு ஏதோ கார் கம்பெனி லாடிக்கு விற்பனை உரிமை கொடுத்துவிட்டது என்று முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் அறிவிப்புகளைப் படித்தார்: வெள்ளிக்கிழமை மீன் விருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைக்கப்படுகிறது, வோண்ட்ரா கடையில் புது மாடல் பார்த்துவிட்டு அனைவரும் வரலாம். மூன்றாவது பெஞ்சில் அப்பா. பக்கத்தில் மூன்று வயது நான், அதற்குப் பக்கத்தில் அம்மா. அப்பாவின் காது சிவந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டதாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவில்லை. எல்லாம் அவள் சொன்னதுதான்.

வெளியே வந்ததும் அம்மா சொல்லியிருக்கிறாள்: "லாடி, இப்பவே போய் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"என்னன்னு சொல்ல?"

"கார் இல்லன்னு."

"நீ சொல்லேன், இர்மா."

இருவரும் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய் போயிற்று. மளிகைக் கடையில் பெண்கள் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். புதனன்று யாரோ ஒரு பெட்டி ஆப்பிளை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். திருப்பிக் கொடுக்க யாரென்று தெரியவில்லை.

பட்டறையில் அப்போது ஆல்மா கஸ்பர் டீச்சரின் கார் நின்றுகொண்டிருந்தது. வான நீல நிறத்துப் பழைய கார்வர். அதே கடையில் வாங்கியது. வால்வு வேலைக்காக எஞ்சினைத் திறந்து போட்டிருந்தார். ஓடாது. வெள்ளிக்கிழமை காலை அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, அப்பா அதைத் தள்ளி ஷோரூமுக்குள் கொண்டுவந்தார். கழுவினார். மெழுகு போட்டுத் துடைத்தார். டயரின் வெள்ளை வளையங்களை அம்மா பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். கழற்றிய விளக்குகளில் ஒன்றை மட்டும் திரும்ப மாட்டினார்.

மாலை ஊர் வந்து நின்றது. அப்பா தாளைக் கிழித்தார்.

கூட்டத்திலிருந்து ஆல்மா டீச்சரின் குரல்: "அது என் காராச்சே."

"டேய் லாடி," என்றார் ரே மாமா. "போன வாரந்தான் இதைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து உன் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தேன். இடுப்பு இன்னும் நிமிரல. இதைப் பார்க்கத்தான் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தேனா?"

சிரிப்பு வெடித்தது. அது அடங்கும்வரை அப்பா நின்றார். அடங்கியதும் உண்மையைச் சொன்னார். புதுக் கம்பெனி எதுவும் இல்லை, கடையைப் பிரிக்கத்தான் தாள் ஒட்டினேன், மாதக் கடைசியில் லிங்கன் போகிறோம், ஏமாற்ற நினைக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னாராம்.

யாரும் போகாதே என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். ஆல்மா டீச்சர் உள்ளே வந்து, தன் காரின் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தார்.

"வால்வு வேலை முடிஞ்சுதா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எப்படிப் போவ? முடிச்சுக் குடுத்துட்டுத்தானே போகணும்."

"முடிச்சுடுவேன் டீச்சர்."

"அவசரமில்ல. நல்லாப் பண்ணு."

அவருக்குப் பின்னால் ஒருவர் தன் டிரக்கின் கிளட்ச் வழுக்குகிறது என்றார். இன்னொருவர், அறுவடைக்கு முன் டிராக்டரின் ரேடியேட்டரைப் பார்க்க முடியுமா என்றார். ரே மாமா தன் டெலிவரி வண்டிக்குப் பிரேக்கே இல்லை என்றார். அது பொய், அவருக்குப் பிரேக் பிடிக்கத்தான் தெரியாது என்பார் அப்பா. வரிசை வாசல்வரை நீண்டது. மீன் விருந்துக்குப் போவதற்குள் கிறிஸ்துமஸ் வரைக்கும் வேலை சேர்ந்துவிட்டது. போகிறவர்கள் எல்லாம் ஆல்மா டீச்சரின் கையைக் குலுக்கி, கார் ரொம்ப அழகு என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள், அவர் அன்றுதான் வாங்கியதைப் போல.

லிங்கனுக்குப் போகவில்லை. கழற்றிய விளக்குகளைத் திரும்ப மாட்டினார்.

அடுத்த செப்டம்பரில் ரே மாமா கேட்காமலே ஓர் உருளைத் தாளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அப்படித்தான் அது வருடாந்திர வழக்கமானது. அந்தக் கடையில் எப்போதோ விற்ற கார் ஒன்றை அப்பா தேடிக் கண்டுபிடிப்பார். கொட்டகையில் கோழி அடைந்துகிடந்தது, மேய்ச்சலில் புல் மூடிக்கிடந்தது, பேரன் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பது. தன் கைச்செலவில் தயார் செய்து தாளுக்குப் பின்னால் நிறுத்துவார். வெள்ளிக்கிழமை மாலை அதன் சொந்தக்காரர் காருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஊர் வரிசையாக வந்து கை குலுக்கும்.

மற்ற நாட்களில் அவர் பெட்ரோல் போடுகிறவர். பம்பில் வண்டி நின்றால் ஓட்டுபவர் இறங்கத் தேவையில்லை. குழாயை மாட்டிவிட்டு முன்கண்ணாடியைத் துடைப்பார், பின்கண்ணாடியையும். எண்ணெய் பார்ப்பார். பின்சீட்டில் குழந்தை இருந்தால் ஒரு மிட்டாய். தெற்கே நெடுஞ்சாலை வந்தபோது வெளியூர் வண்டிகள் நின்றுபோயின. அதில் பெரிய பெட்ரோல் பங்குகள் வந்து, அவரவரே போட்டுக்கொள்ளலாம், விலையும் குறைவு என்றதும் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அங்கே போனார்கள். அவர் யாரையும் குறை சொன்னதில்லை. அங்கே போட்டுக்கொண்டு வருகிறவர்களின் முன்கண்ணாடியையும் தபால் நிலையத்து வாசலில் பார்த்தால் துடைத்துவிடுவார்.

தொண்ணூற்றெட்டில் பழைய நிலத்தடிப் பெட்ரோல் தொட்டிகளை மாற்றவோ எடுக்கவோ வேண்டும் என்று சட்டம் கெடு வைத்தது. மாற்றக் கட்டுப்படியாகாது. எடுத்துவிடலாம் என்றார். என் தொழில் அதுதான்: தொட்டி ஒழுகியதா என்று மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிப்பது. மகள் என்பதால் நான் சோதிக்கக் கூடாது. வேறு ஓர் அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். அப்படிப்பட்ட தொட்டிகள் ஒழுகாமல் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் முக்கிலிருந்து சரிவில்தான் ஊர்க் கிணறு. அவருக்கும் அது தெரியும். பல வருடங்களாக அந்தப் பயத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குழியிலிருந்து தொட்டி துருவோடு மேலே வந்தபோது அவர் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதிரிகளை எடுத்தார்கள். முடிவு வர நாளாயிற்று. வந்ததும் போன் செய்தேன்.

"சுத்தமா இருக்குப்பா."

"கிணறு?"

"கிணறும்."

போனை வைக்காமலே நடந்து போய், குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தார். எனக்குக் கேட்டது.

பம்புகள் போன பிறகும் அவை நின்ற சிமென்ட் மேடை இருந்தது. பழக்கத்தில் யாராவது அதன் ஓரம் வண்டியை நிறுத்துவார்கள். அப்பா வாளியோடு வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார். "பெட்ரோல் இல்லாத பங்கு நெப்ராஸ்காவிலேயே உன்னதுதான்டா," என்பார் ரே மாமா. "வா, உன் வழுக்கையையும் சேர்த்துத் துடைச்சு விடறேன்," என்பார் அப்பா.

அதே காலத்துக் கடைகள் சுற்று ஊர்களில் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். வேலை விஷயமாகப் பலவற்றின் தரையைத் துளையிட்டிருக்கிறேன். ஒன்று பல் மருத்துவமனை. ஒன்றில் பழைய துணி விற்கிறார்கள். ஒன்றுக்குக் கூரை இல்லை, உள்ளே எல்ம் மரம் வளர்ந்திருக்கிறது. எங்கள் முக்கையும் மலிவு விலைக் கடை ஒன்று கேட்டது, அப்பாவிடம் இரண்டு முறை, அவர் போன பிறகு என்னிடம். இடித்துவிட்டுக் கட்டுவார்களாம். செப்டம்பர் முடியட்டும் என்று பதில் எழுதினேன்.

அப்பாவுக்குப் புதன்கிழமை அடக்கம். சவ ஊர்தி கடையைத் தாண்டிப் போனபோது தாள் அப்படியே இருந்தது. கோயில் மண்டபத்தில் சாப்பாடு. வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பலர் அழுதார்கள். ஒவ்வொருவரும் கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை பார்க்கலாம், டார்லா."

யாரும் கேட்கவில்லை, நடக்குமா என்று. தாள் ஒட்டியிருக்கிறது, ஆகவே வெள்ளிக்கிழமை கிழிப்பார்கள். அவர்கள் கணக்கு அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்து கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஷோரூம் தரை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. கார் இல்லை. பட்டறையிலும் இல்லை. சாவி ஆணிகளில் எனக்குத் தெரியாத சாவி எதுவும் இல்லை. ரே மாமாவிடம் போனேன்.

"மாமா, எந்தக் கார்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"நான் தாள் குடுக்கிறவன். அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு என்னிக்கும்மா சொல்லியிருக்கான் அவன், எங்கிட்ட." சொல்லிவிட்டுக் கையை மேலங்கியில் துடைத்துத் துடைத்து நின்றார். பிறகு, "ஒண்ணும் கெடைக்கலன்னா என் டெலிவரி வண்டியை நிறுத்திடு. அதையும் அவன்தான் வித்தான். பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தாளை நான்தான் கிழிக்க வேண்டும். பின்னால் வெறும் தரை இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கை குலுக்கிவிட்டுப் போவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவரைத் தங்கவைத்த ஊர். என்னைப் படிக்கவைத்ததும் அந்த வரிசைதான், ஒரு கிளட்ச், ஒரு ரேடியேட்டர் என்று.

வியாழக்கிழமை காலை கடைப் போன் அடித்தது.

"டார்லாவா? ஆல்மா டீச்சர் பேசறேன்."

எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். இப்போது எண்பத்தாறு. இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு பக்கத்து ஊரில் தங்கை மகளோடு இருக்கிறார். அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று வருத்தம் சொன்னார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார்.

"டார்லா, இதைச் சொல்லலாமான்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லியிருந்தார்."

"சொல்லுங்க டீச்சர்."

"அவர் இன்னிக்கு வரேன்னு சொல்லியிருந்தார். டிரெய்லரோட. நீயும் கூட வருவன்னார். அதான் இன்னிக்கு வரைக்கும் வாயைத் தொறக்காம இருந்தேன்."

"உங்க காரா டீச்சர்?"

"வேற யாரோடது? இங்க கொட்டகையில இருக்கு. கோடை முழுக்க வந்து வந்து வேலை பார்த்தாரே. ஊர்ல யாராவது கேட்டா மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவாராம்."

அம்மா போன பிறகு அப்பா மீன் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மீனும் வீட்டுக்கு வந்ததில்லை.

"உங்கப்பா, ‘அந்தத் தடவை தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தினோம் டீச்சர், இந்தத் தடவை தானா ஓடி உள்ள வரணும்’னார்," என்றார். "நான் ஓட்டணுமாம். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு. சரின்னுட்டேன்."

"வால்வு வேலை முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார்.

"எல்லாம் முடிஞ்சுது," என்றார். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. டேங்க் காஞ்சு கெடக்கு. வரும்போது ஒரு கேன் பெட்ரோல் கொண்டு வரேன்னு சொன்னார்."

பத்து நிமிடத்தில் கிளம்புகிறேன் என்றேன். பின்பக்கம் போனேன். அப்பா சனிக்கிழமையே டிரெய்லரைத் தன் டிரக்கில் மாட்டி வைத்திருந்தார். சங்கிலி, கொக்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள், எல்லாம் கட்டியாகிவிட்டது. கட்டைகளுக்கு நடுவில் சிவப்புக் கேன் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். காலி. போகிற வழியில் நெடுஞ்சாலைப் பங்கில் நானே நிரப்பிக்கொள்ள வேண்டும்.